நண்பகலில் நின்றுபோகும் சோலார்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலில், 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், இன்வேட்டர் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) நின்று நின்று ஓடுகிறது. பூட்டியவர்கள் "லைனில்தான் பிழை" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் வயரைப் பாருங்கள்.

இலங்கையில் வீட்டு வோல்டேஜ் 230. அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம், குறையலாம். மேல் எல்லை ஏறத்தாழ 244; அதைத் தாண்டினால் இன்வேட்டர் தானாக நின்றுவிடும். லைனுக்கு மின்சாரம் தள்ளும் இன்வேட்டர் லைனைவிடச் சற்று உயர்ந்த வோல்டேஜில் நிற்கும். 5 கிலோவாட்டும் முழுதாக வரும்போது ஓடுவது சுமார் 22 அம்பியர். இன்வேட்டருக்கும் மீற்றருக்கும் இடையில் 20 மீற்றர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தால் அதிலேயே 4 வோல்ட் ஏறிவிடும். 10 சதுர மில்லிமீற்றரில் இரண்டுகூட ஏறாது. தெருவில் 241 நிற்கும் நேரத்தில் மெல்லிய வயர் உங்களை எல்லை தாண்ட வைக்கும், தடித்த வயர் காப்பாற்றும்.

நண்பகலில் இன்வேட்டர் திரையில் தெரியும் வோல்டேஜையும், மீற்றரடியில் எலக்ட்ரிஷியன் அளக்கும் வோல்டேஜையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். வித்தியாசம் 2 வோல்ட்டுக்கு மேல் என்றால் பிழை உங்கள் பக்கம்: மெல்லிய வயர், அல்லது தளர்ந்த இணைப்பு. உங்கள் பகுதியில் உப்புக்காற்றால் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்தி அவற்றை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மீற்றரடியிலேயே 244ஐத் தாண்டினால் பிழை வெளியே. இரவிலும் 240க்கு மேலேயே நின்றால் டிரான்ஸ்போமரின் அமைப்பைச் சந்தேகிக்கலாம். பகலில் மட்டும் ஏறினால் அதே பேஸில் (தெருவில் வரும் மூன்று மின்கம்பிகளில் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியில்) அயல்வீட்டு சோலார்கள் அதிகம். இரண்டையும் திருத்தவேண்டியது உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம்தான். ஒரு வார அளவுகளை நேரத்தோடு எழுதி, அதன் பிரதேச அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள். வெறுமனே "வோல்டேஜ் கூட" என்றால் ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் வெயில் தணிந்திருக்கும். அதுவரை தண்ணீர் மோட்டர், வொஷிங் மெஷின், ஏசி எல்லாவற்றையும் நண்பகலில் போடுங்கள். இன்வேட்டரின் எல்லையை உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். அந்த வோல்டேஜ் உங்கள் பிரிட்ஜுக்கும் போகும், அயலவர் பிரிட்ஜுக்கும் போகும்.

கேள்வி: சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறதே, ஏன்? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், லைன் போனதும் தானும் நிற்கும்படி செய்யப்பட்டது. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவர் உயிருக்கே ஆபத்து. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனது முற்பகலில்; வெயில் இருந்தும் அத்தகைய சோலார் வீடுகளுக்கு அது உதவவில்லை. கரண்ட் போனாலும் வீட்டில் வெளிச்சம் இருக்க, ஹைபிரிட் இன்வேட்டரும் (பற்றரியோடும் ஓடக்கூடியது) பற்றரியும் வேண்டும். 5 கிலோவாட்மணி பற்றரி பிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, லைற்றுகளை ஓர் இரவுக்குத் தாங்கும். ஏசியை அதில் சேர்க்கவேண்டாம்.