உயர்மலைச் செடிகளின் விதை உறக்கம்: கேள்வி பதில்

கேள்வி: ஜென்ஷியன் என்ற மலைப் பூச்செடியின் விதையைப் பாக்கெட்டோடு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருந்து விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா அக்கா?

பதில்: கெட்டிருக்காது. ஆனால் அந்த மூன்று மாதமும் கணக்கில் சேராது. காய்ந்த விதைக்குக் குளிர் வெறும் பாதுகாப்புதான், உறக்கத்தை, அதாவது ஈரமும் வெப்பமும் இருந்தும் முளைக்காமல் கிடக்கும் நிலையை, கலைக்காது. விதை தண்ணீரை உறிஞ்சி ஊறிய பிறகு 0 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் வாரக்கணக்கில் கிடந்தால்தான், முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து முளைப்பைத் தூண்டும் ஜிப்பரெலினின் கை ஓங்கும். மலையிலும் கனத்த பனிக்கு அடியில் மண் 0 டிகிரியை ஒட்டி, ஈரத்தோடு, மாதக்கணக்கில் அப்படித்தான் கிடக்கிறது. ஈர மணலில் கலந்து 8 வாரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம், ஜென்ஷியனுக்கு வெளிச்சமும் வேண்டும், தூசி மாதிரி இருக்கும் அந்த விதையைப் புதைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஃபிரீசரில் வைத்தால் சீக்கிரம் ஆகுமா?

பதில்: ஆகாது. ஊறிய விதை உறைந்தால் செத்துப்போகவும் வாய்ப்புண்டு.

கேள்வி: இலையுதிர் காலத்தில் விழும் விதை அப்போதே முளைத்தால் என்ன நஷ்டம்?

பதில்: உயிரே நஷ்டம். இரண்டு இலை விடுவதற்குள் உறைபனி வந்துவிடும், மண்ணில் உள்ள நீர் ஊசி ஊசியாக உறைந்து மேலெழும்போது பிஞ்சு நாற்றை வேரோடு தூக்கி வெளியே போட்டுவிடும். பனி உருகியதும் முளைத்தால் அந்தக் குட்டிக் கோடை முழுவதும் வேர் பிடிக்கக் கிடைக்கிறது. எல்லாச் செடியும் இப்படியில்லை, வில்லோ வகைகள் பலவற்றின் விதைக்குச் சில வாரம்தான் ஆயுள், விழுந்த கையோடு முளைத்தாக வேண்டும்.

கேள்வி: 20 விதையில் 4 மட்டும் வந்தன. தொட்டியைக் கொட்டிவிடவா?

பதில்: தயவுசெய்து கொட்டாதீர்கள்! எல்லாம் ஒரே வருடத்தில் முளைத்தால் ஒரு மோசமான கோடை மொத்தத்தையும் அழித்துவிடும் என்பதால், ஒரு பங்கு விதை மண்ணிலேயே தங்கி அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். அனிமோனி, ரனன்குலஸ் மாதிரியான பூச்செடிகளில் இன்னொரு காரணமும் உண்டு. விதையைப் பிளந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒரு முனையில் புள்ளியளவு கரு, மீதியெல்லாம் உணவுச் சேமிப்பு. அந்தப் புள்ளி உள்ளேயே வளர்ந்து முடித்த பிறகுதான் வேர் எட்டிப்பார்க்கும். சில செடிகளுக்கு முதலில் வெதுவெதுப்பு, பிறகு குளிர் என்று இரண்டும் அந்த வரிசையிலேயே வேண்டும். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் இரண்டு வருடமாவது பாருங்கள்.

கேள்வி: ஜிப்பரெலிக் அமிலம் வாங்கட்டுமா?

பதில்: அதுவும் ஜிப்பரெலின் வகைதான், பல செடிகளில் குளிருக்குப் பதிலாக நிற்கும், ஆனால் அளவு மிஞ்சினால் நாற்று வெளிறி, நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். எனக்குக் குளிர் மீதுதான் நம்பிக்கை. ஆஸ்ட்ரகாலஸ் போன்ற பயறுக் குடும்பத்து விதைகளுக்கு இந்த அமிலம் உதவாது, அங்கே தோலே தண்ணீரை உள்ளே விடுவதில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவிட்டு, பருத்தவற்றை மட்டும் விதையுங்கள், பருக்காததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.