சிறையில் இருக்கும் 22 வயது மகனை என் அமெரிக்க வரிக் கணக்கில் டிபெண்டன்ட் (என் பராமரிப்பில் இருப்பவர்) என்று காட்டலாமா?

உங்கள் மகன் 2025 செப்டம்பரில் கைதானார் என்றும், அதுவரை உங்கள் வீட்டிலேயே உங்கள் செலவில் இருந்தார் என்றும், இப்போதும் சிறையில் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கல்லூரியில் படித்துவந்தாரா, வேலை பார்த்தாரா என்பதைச் சொல்லவில்லை. ஆனால் விடை பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும்.

அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் விட்டா எனப்படும் இலவச வரி உதவி மையம் ஒன்றில், சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் படிவம் நிரப்பித் தருகிறேன். இந்தக் கேள்வியை அங்கே யாரும் நேராகக் கேட்பதில்லை. "பையன் இப்போது வீட்டில் இல்லை" என்று தொடங்கி, பக்கத்து மேசையில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மீதியைச் சொல்வார்கள். அப்படி வந்த ஓர் அம்மா, சிறைக் கடைக் கணக்கில் மகனுக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது ஐம்பது டாலராகக் கட்டிய இருபத்தாறு ரசீதுகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஆண்டுக்கு 1,300 டாலர். அவருடைய சம்பளத்துக்கு அது சிறிய தொகை அன்று. ஆயினும் அவர் மகனைக் காட்ட முடியவில்லை. ஏன் என்பதைச் சொன்னால் உங்கள் நிலையும் தெளிவாகும்.

சிறையில் இருப்பவரை டிபெண்டன்ட் என்று காட்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வயது வந்த மகனை இரண்டு வகைகளில் ஒன்றில் சேர்க்கலாம்: 'தகுதியுள்ள பிள்ளை', அல்லது 'தகுதியுள்ள உறவினர்'. அந்த அம்மாவின் மகனுக்கு 27 வயது. எனவே இரண்டாவது வகை மட்டுமே மிஞ்சியது. அதில் அவர் உங்களோடு வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை மகனுக்கு இல்லை. ஆனால் அவருடைய அந்த ஆண்டு வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும் (இது 2025க்கான வரம்பு, 2024இல் 5,050), அதோடு அவருடைய ஆண்டுப் பராமரிப்பில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். சிறையில் தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அரசு தருவது. ஆண்டு முழுவதும் உள்ளே இருந்தவருக்குக் கடைக் கணக்கில் கட்டிய 1,300 டாலரையும் தொலைபேசிச் செலவையும் கூட்டினாலும், அரசு கொடுத்ததில் பாதியைக்கூட அது எட்டாது.

உங்கள் மகன் எட்டு மாதங்களுக்கு மேல் வீட்டில் இருந்தவர்; அதனால் கணக்கு வேறு. ஐஆர்எஸ் வெளியிடும் பப்ளிகேஷன் 501இல் பராமரிப்பைக் கணக்கிடுவதற்கென்றே ஓர் ஒர்க்‌ஷீட் இருக்கிறது. வாடகை வீடு எனில், நீங்கள் கட்டிய வாடகையில் அவருடைய பங்கை அதில் எழுத வேண்டும். சொந்த வீடு எனில், கட்டிய வீட்டுக்கடனை எழுதக்கூடாது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்குமோ, அதில் அவருடைய பங்கை எழுத வேண்டும். மளிகைச் செலவையும் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உடை, மருத்துவச் செலவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றையும் சேருங்கள். பிறகு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சிறை தந்ததையும், அவர் தம் சொந்தப் பணத்தில் தமக்காகச் செலவழித்ததையும் கூட்டி, மொத்தத்தில் உங்கள் பங்கு பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினாலும், கைதாகும் முன் அவர் வேலை பார்த்து 5,200 டாலரோ அதற்கு மேலோ ஈட்டியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அவர் முழுநேர மாணவராக இருந்திருந்தால் நிலைமை உங்களுக்கு மிகவும் சாதகம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்டில் ஏதேனும் ஐந்து மாதங்களில் முழுநேரம் படித்தவரை, ஆண்டு முடிவில் 24 வயது நிரம்பவில்லை எனில் தகுதியுள்ள பிள்ளையாகக் கொள்ளலாம். அங்கே கேட்பது, மகன் தம் பராமரிப்பில் பாதிக்கு மேல் தாமே ஏற்றாரா என்பதை மட்டும்தான். மீதியைக் கொடுத்தது நீங்களா சிறையா என்ற கேள்வி எழுவதில்லை. வருமான வரம்பும் இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும் என்பதைச் செப்டம்பர் கைது பாதிக்காது. மார்ச்சிலேயே கைதாகியிருந்தால்தான் சிக்கல்: தற்காலிகமாகப் பிரிந்திருக்கும் காலத்தையும் உங்களோடு வசித்ததாகவே கொள்ளலாம் என்றாலும், அதற்குப் பப்ளிகேஷன் 501 தரும் எடுத்துக்காட்டுகளில் சிறார் தடுப்பு மையம் இருக்கிறது, பெரியவர்களின் சிறை இல்லை. ஆனால் தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாகக் கழித்த காலத்தைத் தற்காலிகப் பிரிவாகவே வரி நீதிமன்றம் 2007இல் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் சிறையில் இருந்தவர் பிள்ளை அல்லர், தாய்.

இவ்வளவு அலைச்சலுக்கும் கிடைப்பது என்ன என்றும் கேட்பீர்கள். டிபெண்டன்ட் ஒவ்வொருவருக்கும் வருமானத்தில் கழித்துக்கொள்ள முன்பு அனுமதித்த தனிநபர் விலக்கு 2018 முதல் பூஜ்யம். 22 வயது மகனுக்குக் கிடைப்பது 500 டாலர் வரிச் சலுகை. கட்ட வேண்டிய வரியை அது குறைக்குமே தவிர, வரியே இல்லாதவருக்குப் பணமாகத் திரும்பி வராது. நீங்கள் மணமாகாதவரோ தனித்து வாழ்பவரோ எனில், குடும்பத் தலைவர் என்ற நிலையில் தாக்கல் செய்ய முடிந்தால் லாபம் அதைவிடக் கூடுதல். அதற்கு மகன் ஆண்டில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

மகன் தமக்கென்று தனியே வரி தாக்கல் செய்தால், தம்மை வேறொருவர் டிபெண்டன்ட் என்று காட்ட முடியும் என்ற கட்டத்தில் அவர் குறியிட வேண்டும். சிறைக்கு எழுதும் அடுத்த கடிதத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முந்தைய ஆண்டில் தவறாகக் காட்டியிருந்தால், ஐஆர்எஸ் கடிதம் வரும்வரை காத்திராமல் 1040-எக்ஸ் படிவத்தில் நீங்களே திருத்திவிடலாம், வட்டியாவது குறையும். அந்த அம்மாவுக்கும் முந்தைய ஆண்டுக்கு அதைத்தான் நிரப்பிக் கொடுத்தேன். ரசீதுக் கட்டை அவர் என்னிடம் விடாமல் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.