அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் அசிஸ்டென்ட் படிப்பில் சேர, பெங்களூருவில் இருக்கும்போதே என்ன ஆயத்தம் செய்யலாம்?

கேள்வி: நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். கணவரின் வேலை மாற்றத்தால் அடுத்த ஆண்டு அமெரிக்கா செல்லவிருக்கிறோம்; எனக்கு எச்4 விசா, அதாவது வேலை விசாவில் செல்பவரின் துணைவருக்கான விசா. அங்கே பிசியோதெரபிஸ்ட் அசிஸ்டென்ட் படிப்பில் சேர விரும்புகிறேன். இங்கிருந்தே எதையெல்லாம் தொடங்கலாம்?

பதில்:

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு அல்சூரில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். நானும் விலங்கியல் பட்டதாரிதான். நானும் எச்4 விசாவில்தான் சென்றேன். முதல் முறை விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்துச் சேர்ந்து, படிப்பை முடித்து, சிறிது காலம் வேலையும் பார்த்துவிட்டு, பெற்றோரைக் கவனிப்பதற்காகப் பெங்களூருவுக்கே திரும்பிவிட்டேன். முதல் முறை நான் இழந்த ஓராண்டை நீங்களும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிலைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன், அந்த வேலை எது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் பிசியோதெரபி மையத்தில் துண்டு மடித்துக் கொடுப்பவரையும், கருவியைத் துடைத்து வைப்பவரையும்கூட உதவியாளர் என்றுதான் சொல்கிறோம். அமெரிக்காவில் அவருக்கு எய்ட் என்று பெயர், அதற்குப் பட்டம் தேவையில்லை. பிசியோதெரபிஸ்ட் அசிஸ்டென்ட் என்பவர் வேறு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படித்து அசோசியேட் பட்டம் பெற்று, தேசியத் தேர்வை எழுதி, மாநில அனுமதியோடு நோயாளிக்குப் பயிற்சி அளிப்பவர் அவர். அமெரிக்கப் பிசியோதெரபி சங்கம் 1967இல் இந்தப் பணிக்கு ஒப்புதல் தந்தது. 1969இல் முதல் பட்டதாரிகள் வெளிவந்தார்கள். நோயாளியை முதலில் மதிப்பிடுவதும், சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும், அதை மாற்றுவதும் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் நின்று பயிற்சியை நடத்துவதும், நோயாளியிடம் காணும் மாற்றத்தைக் குறித்து வைப்பதும், சரியில்லை என்று தோன்றினால் உடனே தெரிவிப்பதும் அசிஸ்டென்டின் பொறுப்பு. விண்ணப்பக் கட்டுரையிலும் நேர்காணலிலும் அவர்கள் துருவிப் பார்ப்பது இந்த எல்லைக்கோட்டைத்தான்.

இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவுக்குத் திரும்பினால் இந்தப் பட்டத்தைக் காட்டி நீங்கள் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிய முடியாது. அதற்கு இங்கே பி.பி.டி. என்னும் முழுப் பட்டம் வேண்டும். நான் இப்போது ஒரு மறுவாழ்வு மையத்தில் நோயாளிகளின் சிகிச்சை நேரங்களையும் ஆவணங்களையும் ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். நோயாளியின் மீது கை வைப்பதில்லை. அமெரிக்காவிலேயே பிற்காலத்தில் பிசியோதெரபிஸ்ட் ஆகலாம் என்று நினைத்தாலும், அசிஸ்டென்ட் பட்டம் அதற்கு நேர் ஏணியன்று; அங்கே பிசியோதெரபிஸ்டுக்கான படிப்பு, இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் முனைவர் நிலைப் படிப்பு. இவையெல்லாம் தெரிந்த பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதல் வேலை கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது. கேப்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அங்கீகார ஆணையத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், ஏனெனில் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் தேசியத் தேர்வை எழுதி உரிமம் பெறும் வழியில் செல்ல முடியும். அந்தத் தேர்வின் மதிப்பெண் அளவுகோல் 200 முதல் 800 வரை; 600 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் குடியேறப் போகும் ஊரைச் சுற்றி இரண்டு மூன்று கம்யூனிட்டி காலேஜ்களை (அசோசியேட் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரிகளை) குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் சேர்க்கைத் தகுதித் தாளையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு கல்லூரியின் விதி அடுத்த கல்லூரிக்குப் பொருந்தாது. இந்தத் தாளை மேலோட்டமாகப் படித்ததுதான் நான் செய்த பெரிய பிழை.

நடந்தது இதுதான். பி.எஸ்சி.யில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவள் என்ற தெம்பில், சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய முன்நிபந்தனைப் பாடங்கள் எல்லாம் என் பட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாம் விலங்கியலில் கரப்பான்பூச்சியையும் தவளையையும் அறுத்தோம்; அவர்கள் கேட்டதோ மனித உடற்கூறும் உடலியங்கியலும், இரண்டு பருவங்கள், இரண்டிலும் ஆய்வுக்கூடத்தோடு. மதிப்பெண் பட்டியலில் 'உடலியங்கியல்' என்று ஒரு தாள் இருந்தது உண்மைதான், ஆனால் அது விலங்கு உடலியங்கியல். கல்லூரி மிகவும் மரியாதையாக, இந்தப் பாடம் ஈடாகாது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. அதோடு அந்த ஆண்டு போயிற்று. பிறகு அதே ஊர்க் கல்லூரியில் அந்த இரண்டு பாடங்களையும், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும், மருத்துவச் சொற்கள் பாடத்தையும் படித்து முடித்தேன். உளவியலும் கணிதமும் பல இடங்களில் கேட்பார்கள். அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்தால் மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு என்பதால், பட்டம் வாங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதனால் பட்டச் சான்றிதழின் மதிப்பீட்டை இங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்க முறைக்கு ஒப்பிட்டு மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்களில் இருவகை அறிக்கை தருகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் கிரேடும் காட்டும் விரிவான அறிக்கை. நம் மூன்றாண்டுப் பட்டத்தை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்காமல் போகலாம். அதற்காகக் கலங்க வேண்டாம், அசோசியேட் படிப்பில் சேர்வதற்குப் பட்டத்தின் இணைநிலையைவிடத் தனித்தனிப் பாடங்களின் கணக்கே முக்கியம். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் செல்ல வேண்டியிருந்தால், அதைக் கடல் கடந்த பிறகு கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்பதை என் தம்பியிடம் கேட்டால் தெரியும். பெங்களூருவிலிருந்து என் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்கு இரவுப் பேருந்தில் மூன்று முறை போய் வந்தான் பாவம்.

அடுத்தது பார்வையாளர் நேரம். பிசியோதெரபி நடக்கும் இடத்தில் இத்தனை மணி நேரம் நின்று பார்த்தேன் என்று மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நான் ஜெயநகரில் ஒரு சிறிய மையத்தில் அனுமதி கேட்டு, சனிக்கிழமை தோறும் காலையில் போய் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, பல கல்லூரிகள் அமெரிக்காவில் உரிமம் பெற்றவரின் கீழ் பார்த்த நேரத்தையே ஏற்கும் என்று. யோசித்துப் பார்த்தால் அது நியாயமும்கூட; நீங்கள் சேரவிருக்கும் பணியே இங்கே அந்த வடிவில் இல்லாதபோது, பெங்களூருவில் எத்தனை நாள் நின்றாலும் அந்தப் பணியாளரைப் பார்க்க முடியாது. எனவே முழு நேரத்தையும் இங்கே முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் என் கட்டுரை இல்லை.

அங்கே ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பாட்டி வருவார்; மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம். சிகிச்சையளித்த பெண் கன்னடக்காரர், நோயாளிகளோடு பழகியே தமிழ் கற்றவர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இரண்டு கைகள் கொண்ட கோணமானியை எடுத்து, அதன் அச்சை முழங்காலின் வெளிப்புறத்தில் பொருத்தி, ஒரு கையை இடுப்பு மூட்டை நோக்கியும் மறு கையைக் கணுக்காலை நோக்கியும் வைத்து அளப்பார். அன்று 78 டிகிரி மடங்கியது. "பாட்டி, குதிகாலை மெல்ல உள்ளே இழுங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றார். பாட்டி ஏழு வரை ஒழுங்காக எண்ணிவிட்டு, சட்டென்று "பத்து" என்று காலை நீட்டிவிட்டார். "எட்டும் ஒன்பதும் எங்கே போச்சு பாட்டி?" "அது நாளைக்குக் கண்ணு." அந்தப் பெண் சிரித்தார், வற்புறுத்தவில்லை, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, "இப்ப நான் எண்றேன், நீங்க மடக்குங்க" என்று தொடங்கி, மிக மெதுவாகப் பத்து வரை எண்ணினார். மறுபடி அளந்தபோது 84. இரண்டு எண்களையும் நேரத்தோடு குறித்துக்கொண்டார்.

என் முதல் விண்ணப்பத்தின் கட்டுரை, பிறருக்குச் சேவை செய்வது என் சிறுவயதுக் கனவு என்று தொடங்கியது. அப்படித் தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழு கட்டுக்கட்டாகப் படித்திருக்கும். இரண்டாவது விண்ணப்பத்தில் பாட்டி விழுங்கிய எட்டையும் ஒன்பதையும் எழுதினேன், 78ஐயும் 84ஐயும் எழுதினேன். பெயர், முகவரி, அடையாளம் எதையும் எழுதவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தை அங்கே மிகக் கடுமையாகப் பார்ப்பார்கள், நீங்களும் எழுதாதீர்கள்.

நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள். அமெரிக்காவில் எங்கள் குடியிருப்பில் அசிஸ்டென்டாகவே வேலை பார்த்த ஒரு தமிழ் அக்கா இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "மூட்டு மாற்று செஞ்சவர் வந்திருக்கார். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி, சூடா, தொட்டா வலிக்குது. திட்டத்துல இன்னிக்கு நடைப்பயிற்சின்னு இருக்கு. என்ன பண்ணுவ?" காலை உயர்த்தி வைத்து ஐஸ் கொடுத்துவிட்டு, லேசான பயிற்சியாக மாற்றிக்கொள்வேன் என்றேன். "அப்ப நீ தோத்த" என்றார் அக்கா. அது காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உருவானதன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. பயிற்சியை நிறுத்தி, நோயாளியை அசையவிடாமல் அமர்த்தி, பிசியோதெரபிஸ்டிடம் அப்போதே தெரிவிப்பதுதான் சரியான விடை. நானாகத் திட்டத்தை மாற்றியது ஒரு பிழை. நோயை நானே தீர்மானித்தது அதைவிடப் பெரிய பிழை. உண்மையான நேர்காணலில் வேறு கேள்விதான் வந்தது, ஆனால் அதுவும் இந்த எல்லைக்கோட்டைப் பற்றியதே.

நுழைவுத் தேர்வைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். பல கல்லூரிகள் டீஸ் என்னும் தேர்வைக் கேட்கின்றன: வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என 170 கேள்விகள், 209 நிமிடம். நம் பள்ளிக் கணக்கு அதற்குப் போதும். பவுண்டையும் அவுன்சையும் கிலோவுக்கு மாற்றும் கணக்குகளை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், நமக்கு அதுதான் தடுக்கும்.

விசா பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன். எச்4இல் படிப்பதற்குத் தடையில்லை. வேலை செய்வதற்குத்தான் தனி அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் ஐ-140 என்ற கட்டத்தைத் தாண்டிய பிறகே கிடைக்கும். படிப்பை முடித்து, தேர்வில் வென்று, உரிமமும் வாங்கிய பிறகு அனுமதி அட்டைக்காகக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணவரின் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இப்போதே அவருடைய அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். கட்டணத்தில் உள்ளூர்வாசி, வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று மடங்குக் கணக்கில் வேறுபாடு உண்டு. எச்4இல் இருப்பவரை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இடம் கிடைத்த பிறகு கேட்கப்படும் தாள்களில் பாதியை நீங்கள் பெங்களூருவிலிருந்தே கொண்டு போகலாம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெப்படைடிஸ் பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிப் பதிவைக் கேட்பார்கள். சிறுவயதில் போட்ட ஊசியின் அட்டை பெரும்பாலும் நம் வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாகியிருக்கும். அது இல்லாவிட்டால் இங்கேயே இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் அறிக்கையை வாங்கலாம், அல்லது மறுபடி ஊசி போட்டுக்கொண்டு தேதியும் முத்திரையும் உள்ள சான்று பெறலாம். ஹெப்படைடிஸ் பி ஊசியின் மூன்று தவணைகளுக்கு வழக்கமாக ஆறு மாதம் ஆகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். காசநோய்ப் பரிசோதனையை மட்டும் அங்கே போய்ச் செய்யுங்கள், அதுவும் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். நமக்குப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியால், நோய் இல்லாவிட்டாலும் தோல் பரிசோதனையில் கை தடித்துவிடலாம். எனக்கு அப்படித் தடித்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரின் கடிதம் வாங்கி, வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்தக் கோப்பை என்னால் முடிக்க முடிந்தது.