குளிர்நாட்டுச் செடி வாங்குமுன்

கே: இணையத்தில் 3 வெள்ளிக்கு நீல ரோஜா விதை விற்கிறார்கள். நம்பலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

ப: கூடாது. இயற்கையில் நீல ரோஜாவே கிடையாது.

கே: துலிப் கிழங்கு வாங்கினேன். ‘சிங்கப்பூர் வெயிலிலும் பூக்கும்’ என்று போட்டிருந்தார்கள். நாலு இலை வந்து அழுகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஈசூன்)

ப: உங்கள்மேல் தப்பில்லை. துலிப் பூக்க வேண்டுமானால் கிழங்கு 12 வாரமாவது 9 டிகிரிக்கும் குறைந்த குளிரில் கிடக்க வேண்டும். கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) பூக்கிறதே என்பீர்கள். அது குளிரூட்டிய கண்ணாடிக் கூடம். கண்காட்சி முடிந்ததும் செடிகளை எடுத்துவிடுவார்கள். கிழங்கைக் குளிரில் வைத்தார்களா இல்லையா என்று பாக்கெட்டில் ஒரு வரி போடுவதற்கு விற்பவருக்கு என்ன செலவு? பூவின் படத்தை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கும் ஒரு கடையில் இப்படித்தான் கொடுத்தார்கள், வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்றார்கள். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

விளம்பரத்தை உடனே படம்பிடித்து வையுங்கள். பொய் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’, அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

கே: டொரோண்டோவில் இருக்கும் மகளுக்குச் சுட்டமண் தொட்டிகள் அனுப்ப ஆசை. (அங் மோ கியோ)

ப: வேண்டாம்மா. சுட்டமண் ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரம் பனியில் உறைந்து விரியும்போது, தொட்டி விளிம்பிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்து பிளந்துவிடும். அந்தப் பணத்தை மகளுக்கே அனுப்புங்கள். உறைபனி தாங்கும் தொட்டியாக அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

கே: கனடாவின் கேல்கரியில் மகன் ஜப்பானிய மேப்பிள் மரம் வாங்கித் தொட்டியில் வைத்தான். ஒரே குளிர்காலத்தில் பட்டுவிட்டது. ரசீதும் அட்டையும் இல்லை. கடைக்காரர் கைவிரிக்கிறார். (செங்காங்)

ப: விரிக்கத்தான் செய்வார். செடியில் தொங்கும் அட்டையில் குளிர்மண்டல எண் இருக்கும். ஊர்களைக் குளிரின் கடுமைப்படி பிரித்துக் கொடுத்த எண் அது; செடி எந்த மண்டலம் வரை தாங்கும் என்று காட்டும். அதைப் படிக்காமல் தூக்கி எறிந்துவிட்டு யாரைக் குறை சொல்வது? அந்த மரம் பெரும்பாலும் 5ஆம் மண்டலம் வரைதான் தாங்கும், அதாவது சுமார் -29 டிகிரி. கேல்கரியில் அதற்குக் கீழேயும் போகும். தொட்டியில் வேருக்கு நிலத்தின் காப்பும் இல்லை. எண் குறையக் குறையச் செடி குளிரைத் தாங்கும். தொட்டிக்கு வாங்கினால் ஊரின் எண்ணைவிட இரண்டு குறைவாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ரசீதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைக்கவும் சொல்லுங்கள்.