கோழி விற்கிறது, கடன் ஏன் குறையவில்லை?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் 50 கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு நன்றாகத் தேறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு பேட்சுக்கும் தீவனம் வாங்கக் கடன் எடுக்கிறேன். இப்போது மூன்று கடன் ஓடுகிறது. அண்ணனும் மனைவி வீட்டாரும் 15 கோழி சொல்லிவைத்து, பிறகு வந்து எடுத்து, பணம் மெதுவாகத் தருகிறார்கள். 500 கோழியாகப் பெருக்குங்கள், குஞ்சு தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவர் அழைக்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். 50 கோழியில் கையில் நிற்காத பணம் 500-லும் நிற்காது, கடன்தான் பெரிதாகும்.

வளர்ப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது 'பிறகு வந்து எடுத்து' என்ற இடம். எத்தனை நாள் கழித்து என்று எழுதவில்லை. இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிராய்லர் ஆறு வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ வருகிறது. அதுவரை சுமார் மூன்றரை கிலோ தீவனம் தின்கிறது. அதற்கு மேல் நிறுத்தினால் ஒரு நாளைக்கு 200 கிராமாவது தின்னும். 14 நாளில் 2.8 கிலோ. 15 கோழிக்கு 42 கிலோ! அந்தத் தீவனத்தில் புதிதாக 12 கோழியை 2 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடலாம். எடை கூடத்தான் செய்யும். ஆனால் வயது ஏற ஏற தின்பதற்கு ஏற்ற சதை பிடிக்காது. கால் தளர்வதும், நெஞ்சடைத்துத் திடீரென விழுவதும் கனத்த கோழியில்தான் அதிகம். சொந்தக்காரர்களிடம் எடை போட்டா காசு வாங்குகிறீர்கள்?

இனி கோழியையே காசாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். 50 குஞ்சில் 47 தேறுகிறது. தீவனம், குஞ்சு, மருந்து, உமி எல்லாம் சேர்ந்து 37 கோழியின் விலை என்று வையுங்கள். (உங்களுக்கு 35 ஆகவோ 40 ஆகவோ இருக்கலாம், பில்லை எடுத்துப் பாருங்கள். தீவனம் மட்டுமே செலவில் பாதிக்கு மேல் இருக்கும்.) மிச்சம் 10 கோழி, அதுதான் உங்கள் வருமானம். உறவினர் கையில் நிற்பதோ 15. லாபம் முழுவதும் போய், அடுத்த பேட்ச் தீவனப் பணத்திலும் ஒரு பங்கு அவர்களிடம் இருக்கிறது. அந்தக் குழியை நிரப்பத்தான் கடன் வாங்குகிறீர்கள். வட்டி மட்டும் உங்கள் தலையில்.

அந்தத் திட்டம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முறையான ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் நிறுவனமே இறக்கி, எடைக்கு வளர்ப்புக் கூலி தரும். உங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்ப எடுப்பதாக வாயால் சொல்பவருக்கு வியாபாரம் குஞ்சு விற்ற அன்றே முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அண்ணனிடம் நேராகவே பேசுங்கள்: "42-ஆம் நாள் எடை போடுவேன், அன்றைக்கே பணம் வேண்டும்ணே. வரவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்." சும்மா கொடுக்க ஆசையிருந்தால் பேட்சுக்கு இரண்டு கோழி கொடுங்கள், அதையும் செலவு நோட்டில் எழுதுங்கள். விற்காமல் நிற்பதை அன்றே வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள். 2 கிலோ கோழியில் சுமார் 1.4 கிலோ கறி தேறும்.

அடுத்த முறை கடனில்லாமல் எத்தனை குஞ்சுக்குத் தீவனம் வாங்க முடியுமோ அத்தனை மட்டும் இறக்குங்கள், 25 ஆக இருந்தாலும் பரவாயில்லை. பழைய பாக்கி வரவர, மூன்று கடனில் வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள்.