டர்பனில் இருக்கிறோம்: காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாமா, பணம் கொடுத்துக் குட்டியாக வாங்குவதே நல்லதா?

பிள்ளைகள் நாய் கேட்கிறார்கள், காப்பகத்தில் பெரும்பாலும் வளர்ந்த நாய்கள்தான் இருக்கின்றன, "யாரோ வேண்டாம் என்று விட்டதை நாம் ஏன் கொண்டுவர வேண்டும், அதன் குணம் எப்படியோ" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு முத்துவும் அப்படி விடப்பட்டவன்தான்.

பதில் இதுதான்: தத்தெடுங்கள். அதிலும் வளர்ந்த நாயாகவே எடுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பாட்டி மட்டும் வீட்டில் இருப்பார் என்று நினைக்கிறேன். டர்பனில் பாதி வீடுகள் அப்படித்தான். குட்டி நாய்க்கு ஆறு மாதம் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். செருப்பு, நாற்காலிக் கால், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எதையும் விடாது. அதன் பின்னால் குனிந்து நிமிர வயதானவர்களால் முடியாது.

நான் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனில் இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவள். என் மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வார்விக் பகுதியில் இருக்கிற அதிகாலைச் சந்தையில் பல வருடம் கீரையும் மிளகாயும் விற்றவர். 2019ல் என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்டு அதிகமானபோது, வீட்டில் ஒரு நாய் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று அத்தைதான் முதலில் சொன்னார். காப்பகத்தில் ஒல்லியான, பழுப்பு நிற நாய் ஒன்று இருந்தது. பார்க்க எங்கள் ஊர் நாட்டு நாய் மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே பிடித்துப்போனது. வயது மூன்று இருக்கலாம் என்றார்கள். தெருவில் அலைந்து கிடைத்தவன் என்பதைத் தவிர அட்டையில் வேறு விவரம் எதுவும் இல்லை.

வந்த புதிதில் அவன் யாரிடமும் வரவில்லை. கேட் பக்கத்திலேயே படுத்திருப்பான். பையன் ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தான், நான் தமிழில் கொஞ்சிப் பார்த்தேன். காதைக்கூட அசைக்கவில்லை. செவிடாக இருக்குமோ என்று கணவருக்குச் சந்தேகம். ஒரு நாள் அத்தை முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோது பாயை மிதிக்க வந்துவிட்டான். அத்தை, சந்தையில் மாட்டையும் பையன்களையும் விரட்டின பழக்கத்தில், "சுகா!" என்று இந்த ஊர் ஜூலு மொழியில் அதட்டினார். சட்டென்று நகர்ந்துவிட்டான். அத்தைக்கு ஆச்சரியம். "வோஸா" என்றார், வந்தான். "ஹ்லாலா" என்றார், அவர் காலடியில் உட்கார்ந்தான். "இன்னா கண்ணு, இவனுக்கு எல்லாம் தெரியுதே!" என்று உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவனை யாரோ ஒருவர் உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறார். ஏதோ ஒரு ஜூலு வீட்டில் அவனுக்கு ஒரு வாசல் இருந்திருக்கிறது. அந்த வீட்டில் என்ன நடந்தது, வேலை போனதா, உயிர் போனதா, நமக்குத் தெரியாது. காப்பகத்து நாய் என்றால் குணம் கெட்டது என்று முடிவு கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அதை வளர்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் அதன்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? ஜூலுவில் கூப்பிட ஆரம்பித்த பிறகு முத்து கேட்டை விட்டு சமையலறை வாசலுக்கு வந்தான். இப்போது அவனுக்குத் தமிழும் புரியும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். "தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குத் தமிழே தெரியாது, பேருக்குத்தான் தமிழர்" என்று இதே தளத்தில் சிலர் எழுதுவதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. 1860ல் சென்னையிலிருந்து கப்பல் ஏறிவந்து கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைத்தவர்களின் வம்சம் இது. பள்ளியில் ஆங்கிலம், வேலையில் ஆங்கிலம், ஜூலு. சாயங்காலம் கோயில் வகுப்பில்தான் தமிழ். அந்த வகுப்புக்கும் ஊர்க்காரர்களே காசு போட்டார்கள். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. இவ்வளவுக்கும் பிறகு என் அத்தை மூன்று மொழி பேசுகிறார், காவடி எடுக்கிறார், ஆடியில் கூழ் ஊற்றுகிறார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவர் தமிழுக்கு மார்க் போட யாருக்கும் உரிமை இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டி வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பொறுப்பாக வளர்த்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்தில் பலர் வாங்குவது சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்கிற குட்டி, அல்லது போனில் விளம்பரம் பார்த்துப் போய் வாங்குகிற குட்டி. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் வாங்கினார்கள். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று விற்றவர் சொன்னார், அட்டை தரவில்லை. அந்த வாரமே வாந்தியும் ரத்தப்போக்கும். பார்வோ என்கிற வைரஸ் நோய். குட்டி பிழைக்கவில்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விற்றவர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

ஊசி விஷயத்தில் இங்கே விளையாடக் கூடாது. டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடம் ரேபிஸ் என்கிற வெறிநோய் 1976 முதல் இருந்துகொண்டே இருக்கிறது. 2021ல் இங்கே மனிதர்களுக்கும் மறுபடி கூடியது. கடி பட்டுச் சாகிறவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். ரேபிஸ் ஊசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அரசுக் கால்நடைத் துறை முகாம் போடும்போது இலவசமாகவே போடுகிறார்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

நல்ல காப்பகத்திலிருந்து எடுத்தால் கருத்தடை, ஊசி, பூச்சி மருந்து எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வாங்குகிற கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தனித்தனியாக டாக்டரிடம் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் உண்ணிக்கு மட்டும் விடாமல் மருந்து போட வேண்டும். இங்கே உண்ணி கடித்தால் பிலியரி என்கிற ரத்த நோய் வரும். நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முத்துவுக்கு ஒரு கோடையில் வந்தது. உடனே கவனித்ததால் பிழைத்தான்.

காப்பகத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். இதற்குத்தான் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "நாய்க்குப் போய் இவ்வளவு விசாரணையா, பெண் பார்க்க வந்த மாதிரி?" என்று என் நாத்தனார் வீட்டில் சண்டையே போட்டார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. கேட்டில் இடைவெளி இருக்கிறதா, சுவர் போதுமா, நாயைச் சங்கிலியில் போட்டுவைக்கப் போகிறோமா என்று பார்க்கிறார்கள். திருட்டுப் பயத்தில் காவலுக்கென்று நாய் கேட்கிறவர்கள் இங்கே அதிகம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் 1962ன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேவையில்லாமல் விலங்கைச் சங்கிலியில் கட்டிவைப்பதே குற்றம். வீட்டு மனிதர்களோடு பழகின நாய்தான் வீட்டுக்காகக் குரைக்கும்.

அதே சட்டத்தில் விலங்கைக் கொடூரமாகக் கிலி பிடிக்க வைப்பதும் குற்றம்தான். தீபாவளி பற்றி இப்போது சொல்லப்போவதற்கு எனக்குத் திட்டு விழும் என்று தெரியும். "நம் பண்டிகை என்றால் மட்டும் எல்லோருக்கும் நாய் ஞாபகம் வரும்" என்பார்கள். அப்படி இல்லை. தீபாவளி, நவம்பர் 5ல் வெடி வெடிக்கிற கை ஃபாக்ஸ் நாள், புத்தாண்டு என்று மூன்றுக்கும் காப்பகங்கள் ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கின்றன. நான் தீபாவளி கொண்டாடாதவளும் இல்லை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, முறுக்கும் அதிரசமும் செய்து தெரு முழுக்கக் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு மத்தாப்பு உண்டு, வெடி இல்லை. வெடிச் சத்தத்தில் சுவரைத் தாண்டி ஓடி, வண்டியில் அடிபடுகிற நாய்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. முத்து அன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நடுங்குவான். இருட்டுவதற்கு முன்பே நடக்கக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு டிவியைச் சத்தமாக வைத்து, யாராவது ஒருவர் கூட இருப்போம். கழுத்தில் போன் நம்பர் எழுதிய பட்டையும், தோலுக்கடியில் அடையாளச் சிப்பும் கட்டாயம் இருக்கட்டும். சிப்பைப் பதிவு செய்யும்போது கொடுத்த நம்பர் மாறினால் அதையும் மாற்றுங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் புரட்டாசி விரதம் இருந்தால் நாய்க்கு என்ன போடுவது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி இல்லை. முத்துவுக்கு அவனுடைய தீனி தனிப் பாத்திரத்தில், வெளி வராந்தாவில். பூஜை அறைப் பக்கம் வரக் கூடாது என்று பழக்கியிருக்கிறோம். அவ்வளவுதான். பைரவருக்கு வாகனமாக நிற்பதை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் செய்ய நேரமில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நாயை எடுத்துக்கொண்டு வந்தபின் காப்பகத்தை மறந்துவிடாதீர்கள். டர்பன் அண்ட் கோஸ்ட் எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) 1897ல் தொடங்கியது, ஸ்பிரிங்ஃபீல்ட் பார்க்கில் இருக்கிறது. க்ளூஃப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. இவையெல்லாம் ஓடுவது மக்கள் கொடுப்பதை நம்பித்தான். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, ரொட்டிக்கே வரிசையில் நின்றோம். முத்துவுக்கு அத்தை சோள மாவில் கஞ்சி காய்ச்சிப் போட்டார். ஒரு நாய்க்கே அப்படித் திண்டாடினோம், கூண்டு கூண்டாக வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்று இரவு பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொண்டுபோனது. சாட்ஸ்வொர்த்திலும் மண் சரிந்து வீடுகள் போயின. அப்போதும் வளர்த்தவர்களை இழந்த நாய்கள் தெருவில் நின்றன.

"மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்குச் செலவா?" என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார். எங்கள் கோயில் பெண்கள் குழு அன்னதானமும் செய்கிறது, மாதாமாதம் காப்பகத்துக்கு ஒரு மூட்டை தீனியும் எடுத்துப்போகிறது. ஒன்றைச் செய்ததால் இன்னொன்று குறையவில்லை. காசுதான் என்றில்லை. பழைய செய்தித்தாள் கூண்டில் விரிக்க ஆகும். பழைய துண்டு, போர்வை எல்லாமே ஆகும். பழைய சாமான் விற்கும் கடையும் காப்பகங்கள் நடத்துவதுண்டு, நல்ல நிலையில் இருக்கிற சேலையைக்கூட அங்கே கொடுக்கலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் பள்ளி விடுமுறையில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள், சனிக்கிழமை கூட்டமாக இருக்கும், நாய்களும் பதற்றமாக இருக்கும். பாட்டியையும் கட்டாயம் கூட்டிப்போங்கள், பகலில் அவரோடுதானே அது இருக்கப்போகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட, குழந்தைகளோடு பழகின நாய் எது என்று அங்கே வேலை செய்கிறவர்களிடமே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே முடிவு செய்ய வேண்டாம், மறுபடியும் போய்ப் பாருங்கள். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் போனால் வீட்டில் சும்மா கிடக்கிற கம்பளியைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். கூண்டுத் தரை சிமெண்ட், அந்த மாதங்களில் ராத்திரி குளிரும்.