தையலுக்குப் பதில் ஒளியில் ஒட்டும் ஜெல்: கண்ணீர்ப் பை அறுவைச் சிகிச்சை, கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கண் அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பதில் சொல்கிறேன்.

டாக்டர், அம்மாவுக்கு வயது 58. ஒரு வருடமாக இடது கண்ணில் நீர் வடிகிறது. மூக்கோரம் அழுத்தினால் பீளை வருகிறது. பாலக்காட்டில் அறுவைச் சிகிச்சை செய்யச் சொன்னார்கள். ஒளி பட்டால் ஒட்டும் ஜெல் வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம் தம்பி. பீளை வருகிறது என்றால், கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழி அடைபட்டு, கண்ணின் உள்மூலையை ஒட்டியுள்ள கண்ணீர்ப் பையில் சீழ் தங்கியிருக்கிறது. திடீரென வீங்கிச் சிவந்து வலிக்கலாம். நாளை கண்புரை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் முதலில் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

ஜெல் ஏன் பேசப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பில் துளையிட்டுக் கண்ணீருக்குப் புது வழி திறக்கிறோம். 1904இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி இதை விவரித்தபோது சவ்வுகளைத் தைக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில்தான் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல்தான் கையைச் சோதிக்கும். குழி ஆழம், வாய் குறுகல். வளைந்த ஊசியைத் திருப்ப இடமிருக்காது. ரத்தத்தைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி ஊறிவிடும். ஈரத்தாள்போல மெலிந்த சவ்வு, இழுத்தால் கிழியும். அங்கே ஒரு சொட்டுப் பசை போதுமென்றால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

ஒளி பட்டால் எப்படி ஒட்டும்?

பல் டாக்டர் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டுகிறார் அல்லவா, அதே தத்துவம். ஜெலட்டின் போன்ற பொருளில், ஒளி பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். விளக்கு படும்வரை குழைவாக இருக்கும், பட்டதும் இறுகும். ரத்தமும் சளியும் ஊறும் இடத்தில் அது பிடிக்க வேண்டும். புண் ஆறியபின் கரைய வேண்டும். வழிந்து இறுகினால், திறந்த வழியை அதுவே அடைத்துவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

என் மாமா தோப்பில் கள் இறக்குபவர். கண்ணில் வளர்ந்த சதையை எடுத்தபோது பசைதான் வைத்தார்கள். அதுவா இது?

இல்லை, அது ரத்தத்திலுள்ள புரதங்களால் ஆன ஃபைப்ரின் பசை. இரண்டு திரவங்கள் கலந்ததும் உறையும், விளக்கு தேவையில்லை.

அக்கா, நான்கு மாதக் குழந்தைக்குக் கண் நீர் வடிகிறது. பாட்டி தாய்ப்பால் விடச் சொல்கிறார்.

கண்ணில் எதையும் விடாதீர்கள் அம்மா. நகத்தை வெட்டி, கையைக் கழுவி, கண்ணின் உள்மூலையில் விரல்நுனியை வைத்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி நீவுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடும். மூக்கோரம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்தால் முகத்தில் தழும்பு விழுமா?

வெளியே கீறினால் மெல்லிய கோடு இருக்கும், நாளடைவில் மங்கும். மூக்கின் வழியே எண்டோஸ்கோப் எனும் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வைத்துச் செய்தால் வெளியே கீறலே இல்லை. எதுவானாலும் டாக்டர் சொல்லும்வரை அம்மாவை மூக்கைச் சிந்தவிடாதீர்கள்.